நாற்றம் உடம்பிலா, உடுப்பிலா?



கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். வெள்ளவத்தையில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவர். முதல்நாள் இரவு கழுவிக் காயப்போட்ட அபாயாவைக் காலையில் குளித்துவிட்டு உடுத்து, புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதியால் இன்னொரு பஸ் என்று நின்றபடியே வந்து வகுப்புக்குள் நுழைகிறாராம். ஒரு நாள் மடியில் வந்து சாய்ந்த நான்கு வயதுப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, "டீச்சர், உங்கட உடுப்பு மணக்குது" என்று சொல்லிவிட்டது. நான்கு வயதுப் பிள்ளைக்கு முகத்தாட்சணியம் தெரியாது. அன்றிலிருந்து பிள்ளைகளைப் பக்கத்தில் எடுக்கவே அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. "நான் நாளாந்தம் குளிக்கிறேன், நாளாந்தம் கழுவுகிறேன். இதற்கு மேல் என்ன செய்வது? இந்த உடுப்போடு தொழுத தொழுகைகள் செல்லுமா? வாசனை பூசிக்கொண்டு வெளியே போகவும் பெண்களுக்கு இடமில்லையே!" என்று கேட்டிருக்கிறார்.

தொழுகை பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மனிதனின் வியர்வை சுத்தமானது, நஜீஸ் அல்ல. வியர்வை வாடையுள்ள உடுப்போடு தொழுத தொழுகை செல்லும். ஒன்றையும் மீட்டித் தொழத் தேவையில்லை. நஜீஸ் பட்ட துணியிலேயே, முறையாகக் கழுவிய பின் நீக்கக் கஷ்டமான வாடை மட்டும் எஞ்சி நின்றால் அது மன்னிக்கப்படும் என்று நமது ஷாஃபிஈ பிக்ஹு நூல்கள் கூறும்போது, சுத்தமான வியர்வையின் வாடையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? சகோதரி அந்தக் கவலையை விட்டுவிடட்டும்.

ஆனால், "நான் சுத்தமில்லாதவளா?" என்ற தொனி அந்தக் கடிதம் முழுவதும் கேட்கிறது. அதற்குத்தான் இம்முறை இந்தப் பக்கத்தை ஒதுக்குகிறேன். அந்தக் கடிதத்தை வாசித்தபோது என்னுடைய தவறொன்று நினைவுக்கு வந்தது. அதை மறைத்துக்கொண்டு உங்களுக்கு உபதேசம் செய்வது முறையாகாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. பங்குனி மாதத்து வெயில். வெள்ளவத்தைப் பக்கம் ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு இகாமத் சொல்லும் நேரம், சாப்பாட்டுப் பொதிகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு தம்பி ஓடிவந்து எனக்குப் பக்கத்தில் ஸப்பில் நின்றார். கம்பெனி கொடுத்த தடித்த நைலோன் ஜாக்கெட், முகமெல்லாம் வியர்வை. அவர் நின்றதும் ஒரு புளித்த வாடை என் மூக்கில் ஏறியது. நான் ஒரு பாதம் அளவு விலகினேன். ஸப்பில் இடைவெளி விடாதீர்கள் என்று மாணவர்களுக்கு வருடக்கணக்காகப் படித்துக் கொடுக்கிறவன் நான்! அந்தத் தம்பி அதைக் கவனித்தார். ஒன்றும் பேசவில்லை. தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் எழும்பிப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அவரை ஸப்பில் காணவில்லை. அதற்கடுத்த வாரம், வெளியே செருப்புக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்று தொழுவதைக் கண்டேன்.

கதை இதோடு முடியவில்லை. முதலாவது வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, என் ஜுப்பாவைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டேன். உம்ராவுக்குப் போய்வந்த ஒரு மாணவர் அன்பளிப்பாகத் தந்தது. பளிச்சென்ற வெள்ளை, கசங்காது, எனக்குப் பிடித்தமான உடுப்பு. இளைய மகள் அதைத் தூக்கி, கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "வாப்பா, இத இங்க போடாதீங்க, மணக்குது" என்றாள். நான் நம்பவில்லை. கமக்கட்டுப் பக்கத்தை மூக்குக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தேன். பள்ளியில் என் மூக்கில் ஏறிய அதே புளித்த வாடை!

அந்த ஸப்பில் எனக்கு மணத்தது அந்தத் தம்பியின் ஜாக்கெட்டா, என் ஜுப்பாவா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜுப்பாவின் உட்புறம் கழுத்துப் பட்டியைப் புரட்டிப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு பொலியெஸ்டர் என்று எழுதியிருந்தது. அதன் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். எங்கள் மத்ரஸாவில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியரையும் விடவில்லை.

வியர்வை உடம்பிலிருந்து வெளிவரும்போது அதற்கு நாற்றம் இல்லையென்றே சொல்லலாம். நம் உடம்பில் இரண்டு வகை வியர்வைச் சுரப்பிகளை அல்லாஹ் வைத்திருக்கிறான். ஒரு வகை உடம்பெங்கும் இருக்கிறது. அது விடுவது தண்ணீரும் உப்பும், உடம்பைக் குளிர்விப்பதற்கு. மற்ற வகை கமக்கட்டு போன்ற சில இடங்களில்தான் அதிகம்; பருவ வயதில் வேலையைத் தொடங்கும். அது விடும் வியர்வையில் கொழுப்பும் புரதமும் கலந்திருக்கும். தோலில் வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று பிரிக்கும்போது எழுவதுதான் நாற்றம். சின்னப் பிள்ளை நாள் முழுக்க ஓடி விளையாடி வியர்த்து வந்தாலும் கமக்கட்டு நாறாது. அதே பிள்ளை பதின்மூன்று வயதானதும் பாடசாலைப் பையைத் திறந்தாலே வீட்டில் எல்லோரும் ஓடுகிறோமே, காரணம் இதுதான்.

உடம்புக் கணக்கு இது. உடுப்புக் கணக்கு வேறு.

2014ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் கென்ட் பல்கலைக்கழகத்தார் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 26 பேருக்கு டீ சேர்ட் கொடுத்து, ஒரு மணித்தியாலம் ஓடாத சைக்கிளை மிதிக்க வைத்தார்கள். சிலருடையது பருத்தி, சிலருடையது பொலியெஸ்டர், சிலருடையது கலப்பு. வியர்வையில் ஊறிய அந்த டீ சேர்ட்டுகளைப் பையில் கட்டி 28 மணித்தியாலம் வைத்து, பிறகு முகர்ந்து பார்ப்பதற்குப் பழக்கப்பட்ட ஒரு குழுவிடம் கொடுத்தார்கள். பொலியெஸ்டர் பருத்தியை விட மோசமாக நாறியது. கமக்கட்டில் நாற்றத்துக்குப் பெயர்போன கிருமி ஒன்று இருக்கிறது. அது துணியில் வளரவே இல்லை. துணியில், அதிலும் பொலியெஸ்டரில், செழித்தது மைக்ரோகொக்கஸ் என்ற வேறொரு கிருமி. ஆகவே ஆளின் நாற்றம் ஒன்று, ஆள் போட்ட துணியின் நாற்றம் இன்னொன்று. இதற்கு முன்பே, 2007இல், நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் கம்பளி, பருத்தி, பொலியெஸ்டர் மூன்றையும் ஒப்பிட்டிருந்தார்கள். அதிகமாக நாறியது பொலியெஸ்டர். குறைவாக நாறியது கம்பளி.

ஏன் இப்படி? 100 கிராம் பருத்தி காற்றிலிருந்தே சுமார் 8 கிராம் ஈரத்தைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்ளும். கம்பளி சுமார் 16 கிராம். பொலியெஸ்டர் அரைக் கிராம் கூட எடுக்காது. தண்ணீருக்கு அது கதவைச் சாத்துகிறது, எண்ணெய்க்கோ திறந்து விடுகிறது. கமக்கட்டு வியர்வையின் கொழுப்பு அந்த நூலில் போய் ஒட்டிக்கொள்கிறது. குளிர்ந்த தண்ணீரில் சவர்க்காரத் தூளைப் போட்டு அலசும்போது அழுக்கு போய்விடும், கொழுப்பு முழுவதும் போகாது. காய்ந்த உடுப்பு அலுமாரியில் இருக்கும்போது மணக்காது. போட்டு, உடம்பு சூடேறி, ஈரம் பட்டதும் பழைய நாற்றம் உயிர் பெற்று எழுகிறது. கொட்டாஞ்சேனைச் சகோதரி வீட்டிலிருந்து புறப்படும்போது ஒன்றும் தெரியாமல், வெள்ளவத்தையில் இறங்கும்போது மணப்பது இதனால்தான். அவருடைய குளிப்பில் ஒரு குறையும் இல்லை.

வெள்ளவத்தை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பிய பெரிய நூற்பு நெசவு ஆலையொன்று நீண்டகாலம் இந்த ஊரின் அடையாளமாக இருந்தது. பழைய ஆட்கள் "மில்" என்று சொன்னால் அதுதான். பருத்தி நூலும் துணியும் அங்கிருந்து வெளிவந்தன. இன்று அந்த நிலத்தில் ஹெவ்லொக் சிட்டி மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. பொலியெஸ்டர் வந்தது பிந்தித்தான். 1941இல் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரண்டு பிரித்தானியர்கள் கண்டுபிடித்தார்கள். டெரிலின் என்ற பெயரில் உலகைச் சுற்றியது. என் வாப்பா ஒரு டெரிலின் சேர்ட்டைப் பெருநாளைக்குப் பெருநாள் மட்டும் போட்டு, பூச்சி உருண்டையோடு அலுமாரியில் வைத்துப் பாதுகாத்தார். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது, வளைகுடாவுக்குப் போனவர்கள் பெட்டி பெட்டியாகத் துணி கொண்டுவந்தார்கள், அந்த மதிப்புப் போய்விட்டது. இப்போது கெய்சர் வீதியில் மலிவாகக் கிடைப்பது அதுதான், பருத்திதான் விலை. 2019 உலகக் கிண்ணத்தில் நமது கிரிக்கெட் அணி போட்ட சட்டை, கடலில் சேர்த்தெடுத்த பிளாஸ்டிக் கழிவிலிருந்து இந்த நாட்டிலேயே செய்யப்பட்டது. தண்ணீர்ப் போத்தலும் பொலியெஸ்டரும் ஒரே பொருள் என்பதை அறியாத பலர் அந்தச் செய்தியைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள். ஆக, நாம் போத்தலை உடுத்துக்கொண்டுதான் கொழும்பு வெயிலில் நடக்கிறோம்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். வியர்வை, துணி, பள்ளிவாசல் இந்த மூன்றும் சேர்ந்த பிரச்சினை நமக்குப் புதிதல்ல. இராக்கிலிருந்து வந்த சிலர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம், ஜும்ஆ நாளில் குளிப்பது கடமையா என்று கேட்டார்கள். கடமையில்லை, ஆனால் குளிப்பது நல்லது என்று கூறிவிட்டு, அந்தக் குளிப்பு எப்படித் தொடங்கியது என்பதையும் அவர்கள் விளக்கினார்கள். அபூதாவூதில் இருக்கும் அறிவிப்பு அது. அதன் கருத்தை மட்டும் தருகிறேன். அக்கால மக்கள் வறியவர்கள், கம்பளி உடுத்தார்கள், முதுகில் சுமை சுமந்து உழைத்தார்கள். பள்ளிவாசலோ ஒடுக்கமானது, கூரை தாழ்ந்தது, ஒரு பந்தல் போன்றது. சூடான ஒரு நாளில் அந்தக் கம்பளிக்குள் வியர்த்து, எழுந்த வாடையால் ஒருவருக்கொருவர் தொல்லையானது. அதை உணர்ந்த நபி (ஸல்) அவர்கள், இந்த நாள் வந்தால் குளியுங்கள், உங்களிடமுள்ள நல்ல எண்ணெயையும் நறுமணத்தையும் பூசிக்கொள்ளுங்கள் என்று எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்கள். பிறகு அல்லாஹ் வசதியைக் கொடுத்தான்; மக்கள் கம்பளி அல்லாததை உடுத்தார்கள்; வேலைப்பளு குறைந்தது; பள்ளியும் விரிவானது; அந்தத் தொல்லையும் பெருமளவு நீங்கியது.

இந்த அறிவிப்பை நான் மாணவனாக ஓதியிருக்கிறேன், ஆசிரியனாக ஓதிக்கொடுத்திருக்கிறேன். ஜும்ஆக் குளிப்பின் சட்டத்தைத்தான் அதில் பார்த்தேனே தவிர, இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் எவற்றையெல்லாம் காரணமாக அடுக்குகிறார்கள் என்று நின்று பார்க்கவில்லை. வறுமை, வேலை, துணி, தாழ்ந்த கூரை. "அழுக்கான மனிதர்கள்" என்ற சொல் அதில் எங்கும் இல்லை. நீங்கியதற்குச் சொன்ன காரணத்திலும் துணி மாறியதும் பள்ளி விரிந்ததும் இருக்கின்றன.

ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு செய்தியும் அபூதாவூதில் உண்டு. நபி (ஸல்) அவர்களுக்காக ஒரு கறுப்புப் போர்வை ஆயத்தமாக்கிக் கொடுத்தார்கள். நபியவர்கள் அதை அணிந்து வியர்த்தபோது கம்பளியின் வாடையை உணர்ந்து, கழற்றிப் போட்டுவிட்டார்கள். உடுப்புக்கென்று ஒரு வாடை உண்டு என்பதற்கும், அது பிடிக்காவிட்டால் உடுப்பை மாற்றுவதில் தவறில்லை என்பதற்கும் இதைவிட ஆதாரம் வேண்டுமா? சிலர் இந்த இடத்தில், கம்பளி குறைவாக நாறும் என்று ஆய்வு சொல்கிறதே என்று கேட்கலாம். ஆய்வில் முகர்ந்தது ஆலையில் கழுவிச் சுத்திகரித்து மெல்லிதாகப் பின்னிய கம்பளியை. நனைந்த கம்பளிக்கு ஆட்டு வாடை உண்டு என்பதை நுவரெலியாவில் மழையில் நனைந்தவர்கள் அறிவார்கள். இரண்டும் வேறு வேறு வாடைகள்.

பூண்டு, வெங்காயம் சாப்பிட்டவர் பள்ளிக்கு வரவேண்டாம் என்ற ஹதீஸை வைத்து, வாடையுள்ளவர்களை விலக்கலாமே என்று வாதிப்பவர்களும் உண்டு. மீன் விற்பவர் போன்ற தொழிலாளிகளையும் சிலர் இதில் சேர்த்தார்கள் என்பதை ஃபத்ஹுல் பாரியில் இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். அதே இடத்திலேயே, இவ்வளவு தூரம் விரிப்பது ஏற்கத்தக்கதல்ல என்ற இமாம் இப்னு தகீக் அல்ஈத் (ரஹ்) அவர்களின் கருத்தையும் எடுத்துக் காட்டுகிறார்கள். முதல் பாதியைச் சொல்கிறவர்கள் இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெங்காயத்தை ஒருவர் இன்று விட்டு நாளை தின்னலாம். கம்பெனி தந்த ஜாக்கெட்டை அந்தத் தம்பி விட முடியுமா?

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? என் வீட்டாரும் நானும் செய்து பார்த்துப் பலன் கண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதும் முக்கியமானதும், ஈர உடுப்பைச் சுருட்டி வைக்காதீர்கள். கென்ட் பல்கலைக்கழகத்தார் பையில் கட்டி வைத்த அதே வேலையைத்தான், வியர்த்த ஜேர்சியைப் பாடசாலைப் பையில் அமுக்கி வைக்கும் நம் பிள்ளைகளும் செய்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, உட்புறத்தை வெளியே புரட்டி, காற்றில் விரித்துப் போட வேண்டும். கழுவுவது இரவாக இருக்கட்டும்; விரித்துப் போடுவது உடனே நடக்க வேண்டும். வெள்ளவத்தை மாடி வீடுகளில் கடற்காற்று இருந்தும் பல்கனியில் உடுப்புப் போட விடமாட்டார்கள். கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் ஆறு வீட்டுக்கு ஒரு கொடி. இடமில்லாதவர்கள் அறைக்குள் ஆணியில் மாட்டி மின்விசிறியைப் போட்டாலும் போதும்.

கழுவும்போதும் உட்புறம் வெளியே இருக்கட்டும். நாற்றம் ஒட்டியிருப்பது அங்கேதான். நாட்பட்ட நாற்றத்துக்கு, அரை வாளி இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து, உடுப்பை ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, கமக்கட்டுப் பகுதியைச் சவர்க்காரம் போட்டுக் கசக்கி, பின்னர் வழமைபோலக் கழுவுங்கள். புளித்த வாடை தரும் அமிலங்களை அது கட்டித் தண்ணீரோடு அனுப்பிவிடும். கொதிதண்ணீர் வேண்டாம், அச்சும் இலாஸ்டிக்கும் கெட்டுவிடும். சிலர் வெள்ளை வினாகிரியைத் தண்ணீரில் கலந்து ஊறப்போடுகிறார்கள். அதுவும் தூளின் படிவை அகற்ற நல்லது. ஆனால் அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒரே வாளியில் ஊற்றி, நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்வதில் பிரயோசனமில்லை. ஒன்றை ஒன்று முறித்துவிடும். வெளுப்பதற்குப் பாவிக்கும் குளோரீன் திரவத்தோடு வினாகிரியை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு எழும். ஜன்னலில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

வாசனைக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் மென்மையாக்கி இருக்கிறதே, பொலியெஸ்டர் உடுப்புக்கு அதை நிறுத்திவிடுங்கள். அது நூலின் மேல் மெழுகு பூசினாற்போல் ஒரு படலத்தை விடும். உள்ளே பழைய கொழுப்பு, வெளியே ரோஜா வாசனை! தூளையும் அள்ளிக் கொட்டத் தேவையில்லை. 2022 நெருக்கடியில் சவர்க்காரத் தூளின் விலை ஏறியபோது கரண்டியால் அளந்து போட்டோமே, சரியாக அலசினால் அந்த அளவே போதும். அலசாத தூள் துணியில் தங்கினால் அதுவும் அழுக்கைப் பிடித்து வைக்கும். ஸ்திரி போடும்போது நாற்றம் எழுந்தால், உடுப்பு இன்னும் சுத்தமாகவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். அதன்மேல் அத்தர் தெளித்து அனுப்பாதீர்கள்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பலன் தந்தது ஒரு பருத்தி பெனியன். ஜுப்பாவுக்குக் கீழே, கமக்கட்டை மூடும் கையுள்ள பெனியன். வியர்வையை அது குடித்துக்கொள்கிறது. மேலுடுப்புக்குப் போவது கொஞ்சம்தான். சகோதரிகள் அபாயாவுக்குக் கீழே மெல்லிய பருத்திச் சட்டை போடலாம். புழுங்கும் என்று பயப்பட வேண்டாம். இரண்டு நாளில் பழகிவிடும்.

அபாயாத் துணி வாங்கும்போது, நிதா என்றும் க்ரேப் என்றும் கடைக்காரர் விரிப்பவை பெரும்பாலும் பொலியெஸ்டர் என்பதை அறிந்து வாங்குங்கள். "கொட்டன் மாதிரி" என்பது கொட்டன் அல்ல. சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை வீட்டில் நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி கடதாசிபோல் எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணிபோல் உருளும். பருத்தி அபாயா கசங்கும், வெளிறும். அதையும் சொல்லிவிட வேண்டும். பொலியெஸ்டரே வாங்குவதானால் தாராளமாகத் தைத்துப் போடுங்கள். பாலைவனத்து பதவிகள் கறுப்பு அங்கி உடுத்து எப்படித் தாங்குகிறார்கள் என்று ஆராய்ந்து 1980இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார்கள். கறுப்பு அதிகம் சூட்டை எடுத்தாலும், அங்கி தளர்வாக இருப்பதால் அந்தச் சூடு தோலை அடையுமுன் காற்றோடு போய்விடுகிறதாம். உடம்பைப் பிடித்த அபாயாவில் அந்தக் காற்றுக்கு இடமேது? நமது கொழும்புக் காற்று பாலைவனக் காற்றல்ல, ஈரக் காற்று. இங்கே தளர்வு இன்னும் அதிகம் வேண்டும்.

உடம்பின் பங்கையும் மறக்கலாகாது. கமக்கட்டு ரோமத்தை அகற்றுவது ஃபித்ராவின் சுன்னத்துகளில் ஒன்று. நாற்பது நாளுக்கு மேல் விடவேண்டாம் என்று வந்திருக்கிறது. குளிக்கும்போது அங்கே சவர்க்காரம் போட்டு, குளித்தபின் நன்றாகத் துடைத்து உலர்த்தி, நனைத்த சீனாக்காரக் கட்டியைத் தடவுவது பழைய பழக்கம், மலிவானது, வாசனையற்றது. வாசனை சேர்க்காத வியர்வைத் தடுப்புக் களிம்புகளும் கிடைக்கின்றன. சகோதரியின் மூன்றாவது கேள்விக்கு விடை இதுதான். மற்றவர் மூக்கை இழுக்கும் நறுமணத்தோடு பெண்கள் வெளியே போவதைத்தான் மார்க்கம் தடுக்கிறது. நாற்றத்தை நீக்குவதை எவரும் தடுக்கவில்லை. எல்லாம் செய்தும், உடம்பின் வாடையே திடீரென்று மாறினால் அது நோயின் அடையாளமாகவும் இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

நமது சொந்த வாடை நமக்குத் தெரியாது. மூக்கு தனக்குப் பழகியதை நமக்குச் சொல்வதை விட்டுவிடும். ஆகவே வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "நீ நாறுகிறாய்" என்று தாய் சொன்னால் பதின்மூன்று வயது மகன் கதவைச் சாத்திக்கொள்வான். "இந்த ஜேர்சிய ஊறப்போடணும் மகன், துணி பழுதாப் போச்சு" என்றால் கழற்றித் தருவான். அதில் பொய்யும் இல்லை. துணியைப் பற்றிய உண்மைதான். என் மகளும் அப்படித்தான் சொன்னாள் என்று பிறகு நினைத்துப் பார்த்தேன். "வாப்பா மணக்கிறீங்க" என்று அவள் சொல்லவில்லை. "இத இங்க போடாதீங்க" என்றாள்.

அந்தத் தம்பியை நான் தேடிப் போனேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை, செருப்புக் கழற்றும் இடத்தில் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் சிரித்தார். பிறகு, "மௌலவி, இந்த ஜாக்கெட் ஒண்டுதான். மழையிலயும் இதுதான், வெயில்லயும் இதுதான். ராவைக்குக் கழுவினா விடியக்குள்ள காயாது" என்றார். என் ஜுப்பாவின் கதையைச் சொன்னேன். அப்போதுதான் மெய்யாகவே சிரித்தார்.

பள்ளி நிருவாகத்தாரிடம் பேசியதில் ஒரு சிறிய காரியம் நடந்தது. வுழூச் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், காற்றுப்படும் சுவரில், ஜாக்கெட்டும் மழைக்கோட்டும் ஹெல்மட்டும் மாட்டுவதற்கு ஒரு பலகையில் பன்னிரண்டு கொக்கி அடித்துக் கொடுத்தார்கள். கழற்றி மாட்டிவிட்டு, கமக்கட்டைக் கழுவிக்கொண்டு உள்ளே வரலாம். யாருக்கும் எதையும் விசேஷமாகச் சொல்லவில்லை, அறிவித்தலும் ஒட்டவில்லை. முதல் வெள்ளிக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது ஒன்பது கொக்கிகளில் ஜாக்கெட் தொங்கியது. அந்தத் தம்பியுடையது எது என்று தேடினேன். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே நிறம்; அடையாளம் காண முடியவில்லை.